என்ஜினை எங்கே வைப்பது? அபூர்வ வேன்கள்: கேள்வி பதில்

கேள்வி: விற்பனைக்கே வராத புரோட்டோடைப் (சோதனைக்காகச் செய்த முதல் மாதிரி) வேன்களில் அப்படி என்ன விசேஷம் சார்?

பதில்: காரில் என்ஜினை முன்னாலோ பின்னாலோ வைத்துச் சமாளித்துவிடலாம். வேனில் ஆளுக்கும் சரக்குக்கும் இடம் ஒதுக்கிவிட்டு, மிச்சமிருக்கும் மூலையில்தான் அதைத் திணிக்க வேண்டும். நான் பார்த்தவரை விசித்திரமான வேன்களில் பாதிக்குமேல் அந்தத் தலைவலியில் பிறந்தவைதான்.

கேள்வி: ஃபோக்ஸ்வாகன் வேன் ஒரு கிறுக்கலில் இருந்து வந்தது என்கிறார்களே, நிஜமா?

பதில்: நிஜம்தான். ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்புர்க் நகரில் இருக்கும் ஃபோக்ஸ்வாகன் தொழிற்சாலைக்குள் உதிரிபாகம் சுமக்க, பீட்டில் கார் பாகங்களை வைத்து ஒரு தட்டு வண்டி செய்திருந்தார்கள். டிரைவர் பின்னால் என்ஜின் மேல் உட்கார்ந்து ஓட்டுவார். நெதர்லாந்து வியாபாரி பென் பான் அதைப் பார்த்துவிட்டு, 23 ஏப்ரல் 1947 அன்று தன் குறிப்பேட்டில் ஒரு படம் வரைந்தார். பிரெட் பாக்கெட் மாதிரி ஒரு பெட்டி. முன் நுனியில் டிரைவர், பின் நுனியில் என்ஜின், நடுவில் சரக்கு. அவ்வளவுதான் படம். ஆனால் கணக்கு அதிலேயே முடிந்துவிட்டது: டிரைவரும் என்ஜினும் இரண்டு முனைகளில் இருப்பதால் நடுவில் எவ்வளவு ஏற்றினாலும் எடை ஒரு பக்கமாகச் சாயாது.

செய்து பார்த்தபோதுதான் சிக்கல். 1949இல் பீட்டிலின் அடித்தளத்தின் மேலேயே பெட்டியைப் பொருத்தி ஓட்டினார்கள். பாரம் தாங்காமல் அடித்தளம் வளைந்துவிட்டது. அப்புறம் நீள, குறுக்குச் சட்டங்களை உடலோடு சேர்த்து வெல்டிங் செய்தார்கள். 1950 மார்ச்சில் உற்பத்தி தொடங்கியது.

கேள்வி: மூக்கே இல்லாத பெட்டியைக் காற்று பிடித்துத் தள்ளாதா?

பதில்: தள்ளியது. முதல் வடிவத்தின் காற்றெதிர்ப்புக் குணகம் 0.75 (இந்த எண் குறையக் குறைய வண்டி காற்றைச் சுலபமாகக் கிழித்துப் போகும்). பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் காற்றுச் சுரங்கத்தில் (காற்றை வேகமாக வீசிச் சோதிக்கும் கூடத்தில்) மாதிரியை வைத்துப் பார்த்து முகத்தை வளைத்ததும் 0.44க்கு இறங்கியது. அந்த உருண்டை முகம் அழகுக்காக வந்ததல்ல.

கேள்வி: டாங்கி மாதிரி பட்டை போட்ட வேன் படம் ஒன்று பார்த்தேன் அண்ணா. எடிட் செய்ததா?

பதில்: இல்லை தம்பி, அசல். 1960களில் வியன்னாவைச் சேர்ந்த மெக்கானிக் குர்ட் கிரெட்ஸ்னர் செய்தது. மனிதர் பனிச்சறுக்குப் பிரியர். அதே ஃபோக்ஸ்வாகன் வேன்தான். பின்னால் பட்டை, முன்னால் இரண்டு அச்சுகள். அந்த இரண்டு அச்சுகளுமே திரும்பும், அதனால் 10 மீட்டருக்குள் வட்டமடிக்கும். 34 குதிரைத்திறன்தான், மணிக்கு 35 கி.மீ.க்கு மேல் ஓடாது. பனியில் அதற்குமேல் போய் என்ன செய்வது? செய்தது இரண்டே வண்டிகள்.

கேள்வி: ரெனோவின் குடும்ப வேன் எஸ்பாஸில் ஃபார்முலா 1 பந்தயக் கார் என்ஜின் வைத்தார்களாமே?

பதில்: 1994இல், மாத்ரா என்ற பிரெஞ்சு நிறுவனத்தோடு சேர்ந்து. 1993இல் சாம்பியன் பட்டம் வென்ற வில்லியம்ஸ் காரின் 3.5 லிட்டர் வி10 (பத்து சிலிண்டர்) என்ஜின், சுமார் 800 குதிரைத்திறன். குடும்ப வண்டியில் அது எங்கே உட்கார்ந்திருந்தது தெரியுமா? பின்சீட் இரண்டுக்கும் நடுவே, குழந்தை உட்காரும் இடத்தில்! பின்னால் இருப்பவர்கள் பேசிக்கொள்ள வாய்ப்பே இல்லை. கார்பன் ஃபைபர் உடல், மணிக்கு 300 கி.மீ.க்கு மேல் வேகம். உபயோகம் பூஜ்யம்; எனக்கு மிகவும் பிடித்த வேனும் இதுதான்.

கேள்வி: ஃபோர்டு சூப்பர்வேனை விட்டுவிட்டீர்களே?

பதில்: விடுவேனா! 1971இல் ஃபோர்டின் டிரான்சிட் வேனின் சரக்குப் பகுதியில் பந்தய வி8 என்ஜினைப் பொருத்தினார்கள். சூப்பர்வேனின் நான்காம் தலைமுறை மின்சார வண்டி. அதன் மேம்பட்ட வடிவத்தை பிரெஞ்சு பந்தய ஓட்டுநர் ரொமான் டூமா 2023இல் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலைப் பந்தயத்தில் 8 நிமிடம் 47 வினாடியில் உச்சிக்கு ஏற்றினார்.

கேள்வி: பின்சக்கரத்தால் திரும்பும் வண்டி ஒன்று இருந்ததாமே?

பதில்: அமெரிக்க வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் டைமேக்ஸியான், 1933. மூன்று சக்கரம். பின்னால் என்ஜின், ஆனால் இழுப்பது முன்சக்கரங்கள், திரும்புவது பின்சக்கரம். நின்ற இடத்திலேயே சுழலும். பக்கக் காற்றடித்தால் வால் அலையும். முதல் வண்டி அதே ஆண்டு சிகாகோவில் விபத்துக்குள்ளாகி ஓட்டுநர் இறந்தார். மொத்தம் மூன்றுதான் செய்தார்கள்.

கேள்வி: இவற்றை நேரில் பார்க்க வழி உண்டா?

பதில்: டைமேக்ஸியான் ஒன்று அமெரிக்காவின் ரீனோ நகர மோட்டார் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பென் பான் வரைந்த அந்தப் பக்கம் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, ரெம்ப்ராண்ட் ஓவியங்கள் இருக்கும் அதே கட்டடம்.