அறிக்கையில் ‘இருக்கலாம்’ என்று ஏன் எழுதுகிறார்கள்?

கேள்வி: என் தந்தைக்கு 64 வயது. வேறொரு காரணத்துக்காக எடுத்த ஸ்கானில் இடது சிறுநீரகத்தில் 3 சென்ரிமீற்றர் கட்டி தெரிந்தது. ஊசியால் இழையம் எடுத்துப் பரிசோதித்த அறிக்கையில் ‘ஒன்கோசைற்றோமாவாக இருக்கலாம்’ என்றிருக்கிறது. நுணுக்குக்காட்டியில் பார்த்த பிறகும் ‘இருக்கலாம்’ என்பது ஏன்? தண்ணீரால் வருகிறது என்று இங்கு பேசப்படும் சிறுநீரக நோய்தானா இது?
— வாசகர், நெடுங்கேணி

பதில்: கடைசிக் கேள்விக்கு, இல்லை. வவுனியாப் பக்கம் பலரை வாட்டும் நாட்பட்ட சிறுநீரக நோயில் இரு சிறுநீரகங்களும் மெல்ல மெல்லச் செயலிழக்கின்றன. அதற்கும் இந்தக் கட்டிக்கும் தொடர்பில்லை.

ஒன்கோசைற்றோமா என்பது சிறுநீரகத்தில் வரும் தீங்கற்ற கட்டி; புற்றுநோய் அன்று. எடுத்த இழையத்தை மெழுகில் பதித்து, மிக மெல்லிதாகச் சீவிச் சாயமிட்டுப் பார்த்தால், அதன் கலங்கள் இளஞ்சிவப்பு மணல் நிரப்பியவை போலத் தெரியும். கருவைச் சுற்றியுள்ள குழியவுரு முழுவதும், கலத்துக்குச் சக்தி தரும் இழைமணிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிறைந்திருப்பதே அதற்குக் காரணம். கருக்கள் உருண்டையாக, ஒரே சீராக இருக்கும். சிக்கல் என்னவென்றால், குரோமோபோப் எனப்படும் சிறுநீரகப் புற்றுநோயின் ஒரு வகையும் ஏறக்குறைய இதே சிவப்பு மணல் தோற்றத்துடன் வரும். அதன் கருக்கள் முந்திரிகை வற்றல் போலச் சுருங்கியும், சுற்றிலும் வெளிறிய வளையத்துடனும் இருக்க வேண்டும் என்பது இலக்கணம். ஆனால் எல்லாக் கட்டிகளும் இலக்கணப்படி அமைவதில்லை.

அப்போது சைற்றோகெரற்றின் 7 என்ற புரதத்துக்கான சிறப்புச் சாயம் உதவும். குரோமோபோபில் பெரும்பாலும் பரவலாகப் பிடிக்கும் இச்சாயம், ஒன்கோசைற்றோமாவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கலங்களில் மட்டுமே பிடிக்கும். சீடி 117 என்ற இன்னொரு புரதத்துக்கான சாயமோ இரண்டிலும் பிடிப்பதால் இவற்றைப் பிரித்துக் காட்டாது. இவ்வளவும் செய்தாலும் ஊசியில் வருவது நூல் போன்ற ஒரு துண்டுதான். நெல் வாங்க வருபவர் மூட்டையில் ஓரிடத்தில் குத்திப் பார்த்தால் அந்த இடத்து நெல்தான் கையில் வரும். ஒரே கட்டிக்குள் இரு தன்மைகளும் கலந்திருப்பதும் உண்டு. ஆகவே ‘இருக்கலாம்’ என்று எழுதிய நோயியல் வைத்தியரை நான் குறைசொல்ல மாட்டேன். கண்டதற்கு மேல் ஒரு சொல் கூட்டாதவர் அவர்.



சிறப்புச் சாயம் இடப்பட்டதா என்று சிறுநீரக சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேளுங்கள். மெழுகுக் கட்டியில் இழையம் எஞ்சியிருந்தால், மறுபடி ஊசி குத்தாமலே அதிலிருந்து புதிதாகச் சீவி, இரண்டாவது நோயியல் நிபுணர் ஒருவரிடம் காட்டலாம். இந்த அளவுள்ள கட்டியை உடனே வெட்டாமல், குறித்த இடைவெளிகளில் ஸ்கான் எடுத்துக் கண்காணிப்பதும் ஒரு வழி. தந்தையாரின் உடல்நிலையைப் பார்த்து அதை நிபுணரே முடிவு செய்ய வேண்டும். ஆகையால் பழைய ஸ்கான் படங்களை எறிந்துவிடாதீர்கள்; கட்டி வளர்கிறதா என்பதை அவற்றோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.