கார் ஓடும்போதே நின்றுவிடுகிறது, அரை மணி கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆகிறது. எங்கே பார்க்க வேண்டும்?

உங்கள் கதை இதுதான்: 2003 மொடல் ஜப்பான் கார், பெற்றோல், ஓட்டோ கியர். மட்டக்களப்பிலிருந்து அம்பாறைக்கு வேலைக்குப் போகிறீர்கள். கல்முனையில் தேத்தண்ணிக்கு நிறுத்திவிட்டுக் கிளம்பினால், காரைதீவு தாண்டி சம்மாந்துறை வயல்வெளிக்குள் வண்டி நின்றுவிடுகிறது. செல்ப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிப்பதில்லை. அரை மணி விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது. பிளக், பெற்றோல் பில்டர், பற்றரி எல்லாம் மாற்றியாகிவிட்டது. கராஜில் வைத்துப் பார்த்தால் நிற்பதே இல்லை.

என் மச்சானின் காரும் இப்படித்தான் படுத்தியது. முதலில் ஒன்று: இனிமேல் ஊகத்தில் எந்தச் சாமானும் வாங்காதீர்கள். இந்த வருத்தம் வண்டி நிற்கிற அந்த நேரத்தில்தான் பிடிபடும். மச்சான் கொண்டுபோய்க் காட்டிய கல்முனை மெக்கானிக் காக்கா (எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) பொனற்றைக்கூடத் திறக்கவில்லை. "ஓடுற வாகனத்துல நான் என்னத்தத் தம்பி பார்க்கிற? நிண்ட இடத்துல இருந்து போன் எடுங்க" என்று அனுப்பிவிட்டார். மச்சானுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஆனால் அந்த மனிசன் சொன்னதுதான் சரி.

நிற்கும்போது எப்படி நிற்கிறது என்று கவனியுங்கள். இருமி, குலுக்கி, இழுவை குறைந்து நின்றால் பெரும்பாலும் பெற்றோல் பக்கம். திறப்பைத் திருப்பி ஓஃப் பண்ணியது போலச் சட்டென்று செத்தால் பெரும்பாலும் மின்சாரப் பக்கம்.

ஓரமாக நிறுத்தி, ஹசார்ட் லைட்டைப் போட்டுவிட்டு, திறப்பை ஓனில் வையுங்கள். செக் எஞ்சின் லைட் எரிகிறதா? எரியாவிட்டால் பெரும்பாலும் எஞ்சின் கம்பியூட்டருக்கே கரண்ட் போகவில்லை. மெயின் ரிலே (கம்பியூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்ச் பெட்டி), பியூஸ், இக்னிஷன் சுவிட்ச் இவற்றைத்தான் பார்க்க வேண்டும். பழைய ஹொண்டாக்களில் மெயின் ரிலேக்குள் ஈயப்பற்று வெடித்து, வெக்கையில் மட்டும் தொடர்பு விட்டுப்போவது எல்லா மெக்கானிக்குக்கும் தெரிந்த கதை. திறப்புப் படம் போட்ட லைட் விடாமல் மினுக்கினால் இம்மொபிலைசர் (களவுத் தடுப்புப் பூட்டு) உங்கள் திறப்பை அடையாளம் காணவில்லை என்று அர்த்தம். மற்றத் திறப்பைப் போட்டுப் பாருங்கள்.

அதே ஓன் நிலையில் பின் சீட் பக்கம் காதைக் கொடுங்கள். இரண்டு செக்கன் 'ம்ம்ம்' என்று பெற்றோல் பம்ப் சத்தம் வர வேண்டும். (சில டொயோட்டாக்களில் செல்ப் அடிக்கும்போது மட்டும்தான் பம்ப் ஓடும், அதில் இந்தச் சோதனை பலிக்காது.) சத்தமே இல்லையென்றால், ஒருவர் செல்ப் அடிக்க, இன்னொருவர் தாங்கியின் அடியில் கையால் தட்டட்டும். அப்போது ஸ்டார்ட் ஆனால் பெரும்பாலும் பம்ப் மோட்டரின் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. 2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது கால் தாங்கிக்குக் கீழேயே ஓட்டிப் பழகியவர்கள் நம்மில் நிறையப் பேர். தாங்கியில் இருக்கிற பெற்றோல்தான் பம்பைக் குளிர்விப்பது. அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

அப்புறம் நான் அதிகம் நம்புகிற சோதனை. செல்ப் அடித்துக்கொண்டே ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். எஞ்சின் சுற்றும்போது முள் இருநூறு, முந்நூறு என்று கொஞ்சமாவது எழும்ப வேண்டும். அப்படியே பூச்சியத்தில் படுத்துக் கிடந்தால் எஞ்சின் சுற்றுவதைக் கம்பியூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சரைச் சந்தேகப்படலாம். அதற்குள் ஒரு காந்தமும் மயிர் போன்ற செப்புக் கம்பிச் சுருளும் இருக்கும். கம்பியில் நுண்ணிய வெடிப்பு விழுந்தால், சூட்டில் விரிந்து தொடர்பு அறும், ஆறியதும் மறுபடி சேரும். அந்தச் சிக்னல் வராவிட்டால் எஞ்சின் சுற்றுவதே கம்பியூட்டருக்குத் தெரியாது. அது பெற்றோலையும் ஸ்பார்க்கையும் சேர்த்தே நிறுத்திவிடும்.

தேத்தண்ணிக் கடையில் நிறுத்திய பிறகு வருத்தம் கூடுவதற்கும் காரணம் இருக்கிறது. எஞ்சினை நிறுத்தினால் காற்றும் ரேடியேட்டர் தண்ணீரும் ஓடாது. அந்த முதல் பத்துப் பதினைந்து நிமிடம் பொனற்றுக்குள் வெக்கை இறங்காமல் ஏறும். கச்சான் என்கிற சூடான மேல்காற்று அடிக்கிற மாதங்களில் கேட்கவே வேண்டாம்.

மச்சானின் கார் ஓந்தாச்சிமடத்துக்கு அருகில் நின்றபோது காக்காவுக்குப் போன் போட்டோம். ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, கீழ்ப் புல்லிக்குப் பக்கத்தில் இருக்கிற கிராங்க் சென்சரில் சுற்றச் சொன்னார். துணியிலிருந்து லேசாக ஆவி வந்தது. கொஞ்ச நேரம் விட்டு செல்ப் அடித்ததும் செத்துக் கிடந்த முள் துள்ளியது, எஞ்சினும் பிடித்தது. சில வண்டிகளில் இந்தச் சென்சர் கியர்பெட்டிப் பக்கம் இருக்கும். எது எங்கே என்று வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள். சைலன்சர் குழாயில் தண்ணீர் படக்கூடாது, மின்விசிறிக்குப் பக்கத்தில் கை போகக்கூடாது.

ஸ்கேன் பண்ணினால் கிராங்க் சென்சர் பழுதைக் காட்டும் பி0335 என்ற கோட் வரலாம், வராமலும் போகலாம். கோட் இல்லை என்பதற்காகச் சென்சர் நல்லது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாற்றுவதென்றால் புதிதாக வாங்குங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் கழற்றிய சாமான் மலிவுதான். ஆனால் அதுவும் உங்கள் சென்சர் அளவுக்கு வெக்கை தின்ற சாமான். கதவு, லைட் என்றால் நானும் அங்கேதான் போவேன்.

நம்ம பக்கத்தில் இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும்: பற்றரியின் மைனஸை எஞ்சினோடும் பொடியோடும் இணைக்கும் எர்த் வயர். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் வண்டி வைத்திருக்கிறோம். வெளியே உறை பளபளவென்று இருக்கும், சீவிப் பார்த்தால் உள்ளே செம்பு பச்சைத் தூளாகியிருக்கும். உங்களுக்குச் செல்ப் நன்றாகச் சுற்றுவதால் இது முதல் சந்தேகம் இல்லை. ஆனால் ஒருநாள் 'டிக்' என்று மட்டும் சத்தம் வந்தால், ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பற்றரியின் மைனஸிலும் மறுமுனையை நேரே எஞ்சின் உடம்பிலும் மாட்டிப் பாருங்கள். உடனே சுற்றினால் பழுது எர்த்தில்தான்.

ஓட்டத்தில் எஞ்சின் நின்றால் திறப்பைக் கழற்ற வேண்டாம், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பிரேக் ஓரிரு மிதிக்குத்தான் இலகுவாக இருக்கும், அதனால் விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே மிதியாக மிதித்து ஓரங்கட்டுங்கள். ஓட்டோ கியர் என்பதால் தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் முடியாது.

அடுத்த முறை நிற்கும்போது மீட்டரைப் போனில் வீடியோ எடுங்கள். முள் எழும்பியதா, பம்ப் சத்தம் கேட்டதா என்று எழுதினால் மேலே பார்ப்போம்.