கொழும்பு மாநகர சபைத் தேர்தல்ல கொஞ்ச வாக்கு வித்தியாசத்துல தோத்தா, எண்ணினதுல கள்ளம் நடந்திருக்கும்னு அர்த்தமா? கடைசி முடிவ யார் உறுதிப்படுத்துறது?

கேள்விய வாசிச்சாலே விளங்குது, உங்கட வீட்டுல யாரோ வட்டாரத்துல நின்னு மயிரிழையில தோத்திருக்காங்க. சித்தப்பாவோ மாமாவோ, சரியா? தோத்த அன்டைக்கு ராத்திரி வீட்டுல என்ன கதை நடக்கும்னு எனக்குத் தெரியும், "பெட்டிய மாத்திட்டாங்க", "எண்ணினவன் எல்லாம் மற்றப் பக்கத்து ஆள்" அப்படித்தான். அதுல அந்த "எண்ணினவன்" இருக்கிறானே, அது நான். நான் அரசாங்க உத்தியோகத்துல இருந்து ரிட்டயர் ஆனவ, சேர்விஸ்ல இருந்த காலத்துல தேர்தல் டியூட்டி லிஸ்ட்ல என் பேர் தப்பினதே இல்ல, அதனால இந்தக் கேள்விக்குப் பதில் எழுதாம போக மனசு வரல்ல.

முதல்லயே சொல்லிடுறேன், நான் எந்தக் கட்சிக்கும் ஆள் இல்ல. எந்த வட்டாரம், யார் வென்டது, யார் தோத்ததுனும் சொல்லமாட்டேன், ரகசியம் காக்குறேன்னு கையெழுத்து வச்சுட்டுத்தான் உள்ள போனோம், ரிட்டயர் ஆனதால அந்தக் கையெழுத்து அழிஞ்சு போகாது. கீழ கமெண்ட்ல வந்து "நீங்க ஏன் பயப்படுறீங்க" னு கேக்கிறவங்களுக்கு இதுதான் பதில்.

2018 பெப்ரவரி 10ஆம் திகதி தேர்தல் ஞாபகமா? வட்டார முறை, விகிதாசாரம் ரெண்டையும் கலந்து நடந்த முதல் உள்ளூராட்சித் தேர்தல். 60 வீதம் வட்டாரத்துல இருந்து, 40 வீதம் கட்சிப் பட்டியல்ல இருந்து. அதுவரைக்கும் விருப்பு வாக்குக்கு வேட்பாளர்ட இலக்கம் தேடிப் பழகின சனம், இதுல ஆள்ட பேரே இல்ல, கட்சிப் பேரும் சின்னமும் மட்டும்தான், ஒரே ஒரு புள்ளடி (X அடையாளம்). காலைல 7 மணிக்கு ஆரம்பிச்சு பின்னேரம் 4 மணிக்கு முடிஞ்சுது. முந்தி மாதிரி பெட்டிய எல்லாம் தூரத்துப் பெரிய மண்டபத்துக்குக் கொண்டு போறது இல்ல, அந்தந்த வட்டாரத்துலயே எண்ணுறது. கொழும்பு வடக்குல ஒரு பள்ளிக்கூட ஹோல், சின்னப் பிள்ளைகள்ட மேசைகள ஒட்டி ஒட்டிப் போட்டு, ஃபேன் ஒன்டு சுத்தும் ஒன்டு சுத்தாது, அதுல நாங்க.

இப்ப விசயத்துக்கு வாறேன். பெட்டி வந்த உடனே திறக்கிறது இல்ல. முதல்ல சீல் சரியானு கட்சிகள்ட ஏஜன்ட்மாருக்குக் காட்டணும், அவங்க குனிஞ்சு, டோர்ச் இருந்தா டோர்ச்சும் அடிச்சுப் பாப்பாங்க. பிறகு வாக்குச்சீட்டுக் கணக்கு. எத்தன சீட்டு நிலையத்துக்கு வந்தது, எத்தன குடுத்தது, எத்தன பழுதானது, எத்தன மிச்சம், எல்லாம் ஒரு படிவத்துல இருக்கும். பெட்டியில இருக்கிற சீட்ட எண்ணினா அந்தக் கணக்கோட ஒத்துப் போகணும். கட்சிவாரியாப் பிரிக்கிறதெல்லாம் இதுக்குப் பிறகுதான். வெளியில இருந்து நூறு சீட்டக் கொண்டு வந்து போட்டாங்கனு கதைக்கிறவங்க இந்த ஒரு படிவத்தப் பத்தி ஒரு தரமாவது யோசிச்சிருக்காங்களா தெரியல்ல.

பிரிச்சதுக்குப் பிறகு கட்டுக் கட்டா இறப்பர் பேன்ட் போட்டு அடுக்குவோம். முன்னால ஏஜன்ட்மார் இருப்பாங்க, ஒருத்தர ஒருத்தர் நம்பாத ஆக்கள். நான் திரும்பத் திரும்ப சொல்றது இதத்தான், எங்கள நம்பச் சொல்லி நான் கேக்கல்ல. நாங்க எல்லாரும் கள்ளர்னே வச்சுக்கோங்க, பரவாயில்ல. ஆனா அஞ்சாறு கட்சிட ஆக்கள் மூக்குக்கு முன்னால இருந்து எங்கட விரலையே பாத்துட்டு இருக்கிறப்போ ஒரு சீட்ட இந்தக் கட்டுல இருந்து அந்தக் கட்டுக்குத் தள்ள ஏலுமா? தும்மினாக்கூட "மிஸ், என்ன அது" னு கேப்பாங்க.

நிராகரிக்கிற சீட்டுலதான் சண்டையே வரும். ரெண்டு கட்சிக்குப் புள்ளடி போட்டா செல்லாது. ஒன்டுமே போடாம மடிச்சுப் போட்டா செல்லாது. வாக்குச்சீட்டுல உத்தியோகபூர்வ அடையாளம் இல்லாட்டி செல்லாது. யார் போட்டதுனு தெரியுற மாதிரி எழுதினாலும் செல்லாது. எங்களுக்கு அன்டைக்கு ஒரு சீட்டு வந்தது, புள்ளடி நடுப் பெட்டிக்குள்ள அச்சடிச்ச மாதிரி அழகா இருக்கு, பக்கத்துல செக் புத்தகத்துல வைக்கிற மாதிரி முழுக் கையெழுத்து, கீழ ரெண்டு கோடு வேற. பாவம் மனுசன், பொறுப்பா நடந்துக்கிறேன்னு நினைச்சிருப்பார். அந்தக் கட்சிட ஏஜன்ட் ஒரு சின்னப் பொடியன், இருபத்தஞ்சு வயசுகூட இருக்காது, அவனுக்கு அழுகை வராத குறை. "மிஸ், புள்ளடி எங்கடதுலதானே இருக்கு, கையெழுத்து இருந்தா என்ன மிஸ்" னு கெஞ்சுறான். தலைமை அலுவலர் ஒரு சிங்கள மாத்தயா, நல்ல மனுசன், சட்டத்த எடுத்து வாசிச்சுக் காட்டினார், நான் தமிழ்ல சொன்னேன். நிராகரிச்ச சீட்டுக் கட்டுக்குப் போயிட்டுது.

அதே மாதிரி இன்னொன்டு, புள்ளடி ரெண்டு பெட்டிக்கு நடுவுல இருக்கிற கோட்டு மேல. அதுக்கு எவ்வளவு நேரம் போச்சுதுனு கேக்காதீங்க. வெளிச்சத்துக்குத் தூக்கிப் பாக்கிறாங்க, சரிச்சுப் பாக்கிறாங்க, ரெண்டு கோடும் வெட்டுற இடம் எந்தப் பெட்டிக்குள்ளனு எல்லாரும் தலைய ஒன்டா வச்சுப் பாக்கிறாங்க. கடைசியில தீர்மானிக்கிறது தலைமை அலுவலர்தான், ஆனா அவர் எல்லாருக்கும் காட்டாம தீர்மானிக்கல்ல.

முடிவு வந்தப்போ முதலாவதுக்கும் ரெண்டாவதுக்கும் வித்தியாசம் விரல் விட்டு எண்ணலாம். வெளியில அந்தப் பொடியன்ட ஆக்கள் பட்டாசோட நிக்கிறாங்க. மீள எண்ணச் சொல்லிக் கேட்டாங்க, கேக்க உரிமை இருக்கு, ஆனா முடிவ அறிவிக்கிறதுக்கு முதல் அந்த இடத்துலயே கேக்கணும், வீட்டுக்குப் போய் சோறு சாப்பிட்டுட்டு ஃபேஸ்புக்ல கேக்க ஏலாது. திரும்ப எல்லாக் கட்டையும் அவிழ்த்தோம். வியர்வைக்கும் மடிப்புக்கும் ஒட்டிக்கிட்டு ரெண்டு சீட்டு ஒன்டா எண்ணுப்பட்டிருந்தது வெளியில வந்தது. வித்தியாசம் கொஞ்சம் மாறினது, வென்டவர் மாறல்ல. அந்தப் பொடியன் எழும்பி வந்து கையெழுத்து வச்சான், வச்சுட்டு "வெளியில போய் நான் என்னத்த மிஸ் சொல்ல" னு கேட்டான். எனக்கு அவன் வயசுல பிள்ளை இருக்கு. சரிசமமா வந்திருந்தா இன்னும் மோசம், திருவுளச்சீட்டுதான், அதுக்கு ஏஜன்ட் கெட்டிக்காரனா இருந்தும் பிரயோசனம் இல்ல.

கடைசி முடிவு யார்டனு கேட்டீங்களே. வட்டார முடிவுல வாக்கெண்ணும் நிலையத் தலைமை அலுவலர் கையெழுத்து வைப்பார், அது தெரிவத்தாட்சி அலுவலருக்கு, அதாவது தேர்தலுக்குப் பொறுப்பான அதிகாரிக்குப் போகும், அங்க எல்லா வட்டாரத்தையும் கூட்டி, மொத்த வாக்குப்படி ஒவ்வொரு கட்சிக்கும் எத்தன ஆசனம்னு பாத்து, வட்டாரத்துல வென்டதக் கழிச்சு, மிச்சத்தப் பட்டியல்ல குடுப்பாங்க. வட்டாரத்துலயே தன்ட பங்குக்கு மேல வென்ட கட்சி இருந்தா சபை வீங்கும், ஆசனம் கூடும். 25 வீதம் பெண்கள் வேற இருக்கணும். இதெல்லாம் முடிஞ்சு வர்த்தமானியில பேர் வந்தாத்தான் உறுப்பினர். டீவியில வந்த உடனே மாலை போடுறது எல்லாம் எங்கட அவசரம்.

2025 மே 6ஆம் திகதி தேர்தலையும் பாருங்க. 117 பேர் கொழும்பு மாநகர சபையில தேசிய மக்கள் சக்திக்கு 48, ஐக்கிய மக்கள் சக்திக்கு 29, ஐக்கிய தேசியக் கட்சிக்கு 13, மிச்சம் சிதறிப் போச்சு. யாருக்கும் பாதி இல்ல. அதனால ஜூன் 16ஆம் திகதி நகர மண்டபத்துல உறுப்பினர்களே மேயருக்கு வாக்குப் போட்டாங்க, உள்ளூராட்சி ஆணையாளர் தலைமையில. ரகசிய வாக்கா பகிரங்க வாக்கானு அதுக்கே பெரிய சத்தம். கடைசியில தேசிய மக்கள் சக்திட வ்ராய் கெலி பல்தசாருக்கு 61, ஐக்கிய மக்கள் சக்திட ரிஸா சரூக்குக்கு 54. கூட்டிப் பாருங்க, 115. மற்ற ரெண்டும் செல்லாது. தேர்தல்ல நின்டு வென்டு வந்த ஆக்கள்ட வாக்கே செல்லாமப் போகுது, வேணும்னே பழுதாக்கினாங்களோ என்னவோ, இதுல அந்த மனுசன் சீட்டுல கையெழுத்து வச்சதுக்கு நாங்க சிரிக்கிறோம்!

இந்த ஊர்ல தேர்தல்ல தில்லுமுல்லே இல்லனு நான் சொல்லல்ல, அப்படிச் சொன்னேன்னு யாரும் ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் போட வேணாம். 2023 மார்ச் 9ஆம் திகதி நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல காசு இல்லனு சொல்லி நடத்தவே இல்லையே, அது அடிப்படை உரிமை மீறல்னு 2024 ஓகஸ்ட்ல உயர் நீதிமன்றமே சொன்னது. நான் சொல்றது என்னன்டா, எண்ணுற மேசையில கள்ளம் செய்றதுதான் ஆகக் கஷ்டம். அதுக்கு முன்னாலயும் பின்னாலயும் நிறைய இடம் இருக்கு. முன்னாலனா வாக்காளர் இடாப்பு.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாட்டியும் இத எழுதாம விட ஏலாது. என்ட மகள் வெள்ளவத்தையில வாடகைக்கு இருக்கா, கனகாலமா. வீட்டுக்காரர் மாசா மாசம் வாடகைய வாங்குவார், கரண்ட் பில் பிந்தினா ஃபோன் எடுப்பார், ஆனா இடாப்புல பேர் போட மட்டும் விடமாட்டார். போட்டா வீட்ட எழும்பமாட்டாங்களாம், உரிமை கேப்பாங்களாம். கையெழுத்துக் கேட்டுப் போனா "அடுத்த வருசம் பாப்போம் பிள்ள". கொழும்புல வாடகைக்கு இருக்கிற எத்தன தமிழ்க் குடும்பத்துக்கு இதே கதை, அவங்கட வாக்கு ஊர்ல கிடக்கு, இல்லாட்டி எங்கயுமே இல்ல. வாக்கு போனாப் போகட்டும், பிள்ளைய முதலாம் வகுப்புக்குச் சேர்க்கப் போனா நேர்முகத்துல முதல்ல கேக்கிறதே இடாப்புப் பதிவுதான், அத்தன வருசப் பதிவுக்கும் புள்ளி இருக்கு. என்ட பேத்திக்கு அந்த இடத்துல சைபர். ஒவ்வொரு சீட்டையும் வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்து எண்ணின என்ட சொந்தப் பிள்ளைக்கு வாக்குச்சீட்டே கையில கிடைக்கிறது இல்ல, இதுக்கு எந்த ஏஜன்ட்ட கூப்பிட?

சரி, உங்கட சித்தப்பா விசயம். அவர்ட ஏஜன்ட் யார்னு கேளுங்க. எங்கட ஹோல்ல இருந்த ஏஜன்ட்மார் எல்லாரும் கட்சிவாரியாக் கணக்க எழுதிக்கிட்டுத்தான் போனாங்க, நிராகரிச்சது எத்தனனு உட்பட. உங்கட ஆளும் எழுதியிருந்தா அதையும் வெளியான வட்டார முடிவையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. வித்தியாசம் இருந்தா ஒரு லோயர்ட்ட போங்க, இங்க வராதீங்க. ஏஜன்ட் ஒன்டும் எழுதல்ல, எட்டு மணிக்கே சோத்துப் பார்சல வாங்கிட்டு வீட்டுக்குப் போயிட்டார்னா, கோவத்த அந்த ஆள்ட்ட காட்டுங்க.