பைத்தானில் செயலி எழுத எந்த ஜியூஐ டூல்கிட் நல்லது?

பொத்தான், மெனு, எழுதும் பெட்டி இவற்றைத் தயாராகத் தரும் தொகுப்புதான் ஜியூஐ டூல்கிட். வீடு கட்டுகிறவர் கதவு, ஜன்னலைத் தானே இழைக்காமல் கடையில் வாங்கிப் பொருத்துவது போல. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் திரையை வெவ்வேறு விதமாகக் கையாள்வதால் அந்தத் தலைவலியை டூல்கிட்டிடம் விடுகிறோம்.

முதல் செயலிக்கு டிகேஇண்டர் என்ற டூல்கிட் போதும், பெரும்பாலும் பைத்தானோடே வந்துவிடும். பெரிய செயலி என்றால் கியூட் என்ற டூல்கிட். அதைப் பைத்தானில் பயன்படுத்த பைகியூட், பைசைடு என இரண்டு வழி. நிரல் ஏறக்குறைய ஒன்றுதான், உரிமம்தான் வேறு. பைகியூட் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் வருகிறது, செயலியின் மூலநிரலைத் தராமல் விற்க வணிக உரிமம் வாங்க வேண்டும். பைசைடு அதைவிடத் தளர்வான எல்ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது, நிபந்தனைகளோடு மூலநிரலைத் தராத செயலிக்கும் ஆகும். என் ஓட்டு பைசைடுக்கு.

அப்புறம், டிகேஇண்டர் என்றாலே பழைய தோற்றம் என்பார்கள். அதிலேயே இருக்கும் டிடிகே விட்ஜெட்டுகளை (புதிய தோற்றமுள்ள பொத்தான், பெட்டி போன்றவை) போட்டால் விண்டோஸிலும் மேக்கிலும் அப்படி இருக்காது.