காட்டுக் கார்பன்: காசு எங்கிருந்து வருகிறது, யாருக்குப் போகிறது?

மலர்: கார்பன் கிரெடிட் என்று எதைத்தான் விற்கிறார்கள்?

ஒரு டன் கரியமில வாயு காற்றில் சேராமல் தடுத்ததற்கோ, காற்றிலிருந்து மரம் இழுத்துக்கொண்டதற்கோ கிடைக்கும் சான்றுதான் ஒரு கிரெடிட். தாங்கள் வெளியிடும் வாயுவுக்கு ஈடாகக் காட்ட நினைக்கும் நிறுவனங்கள் காசு கொடுத்து அதை வாங்குகின்றன. மரத்தின் உலர் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன், அதை 3.67-ஆல் பெருக்கினால் கரியமில வாயுக் கணக்கு வரும். அந்த எடையைத் தெரிந்துகொள்ள டேப்போடு காட்டுக்குள் இறங்க வேண்டும். சாதாரண மரம் என்றால் 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளவு எடுத்தால் போதும். கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்தி மரமான சுரபுன்னைக்கு அது சரிப்படாது. முட்டுவேர்கள் மறிக்கும், சேற்றில் நின்றபடி, இருப்பதிலேயே உயரமான வேருக்கு 30 செ.மீ. மேலே டேப்பைச் சுற்ற வேண்டும். செலவு தொடங்குவதே இங்கேதான்.

குமரன்: இதில் ஊர் மக்களுக்கு உண்மையிலேயே பணம் கிடைத்த இடம் உண்டா?

உண்டு. கென்யாவின் தென்கடற்கரையில் காஸி விரிகுடா. அங்கே 2013 முதல் நடக்கும் 'மிகோகோ பமோஜா' திட்டம் 117 ஹெக்டேர் அலையாத்திக் காட்டைக் காக்கிறது. வருஷத்துக்குச் சுமார் 3,000 டன் கரியமில வாயுவுக்கான கிரெடிட். தொடக்க ஆண்டுகளில் வருஷ வருமானம் சுமார் 12,000 டாலர். வகுத்துப் பாருங்கள், ஹெக்டேருக்கு 100 டாலர்தான் தேறுகிறது. ஆளுக்கு ஆள் பிரித்தால் ஒன்றும் மிஞ்சாது. அதனால் காஸி, மகொங்கெனி ஊர்க்காரர்கள் கூடிப் பேசி, குடிநீருக்கும் பள்ளிப் பிள்ளைகளின் புத்தகத்துக்கும் செலவிட்டார்கள். இன்னொன்றும் செய்தார்கள்: சவுக்கு நட்டார்கள். விறகுக்கும் வீட்டுக் கம்புக்கும் வேறு வழி இல்லாமல் 'வெட்டாதே' என்றால் கோடரி பக்கத்துக் காட்டுக்குத்தானே போகும்? இவ்வளவு சின்னத் திட்டம் தாக்குப்பிடிப்பதற்குக் காரணம், கென்யாவின் கடல், மீன்வள ஆய்வு நிறுவனத்தின் நிலையம் அதே காஸியில் இருப்பதுதான். அளக்கத் தெரிந்தவர்கள் ஊரிலேயே இருந்தார்கள்.

செல்வி: அப்படியென்றால் மோசடி என்று ஏன் பேச்சு வருகிறது?

'திட்டம் இல்லாவிட்டால் இவ்வளவு காடு அழிந்திருக்கும்' என்று முதலிலேயே ஓர் ஊகம் எழுதுகிறார்கள். அதைக் கூட்டி எழுதினால் கிரெடிட்டும் கூடும். எழுதுகிறவருக்கே அதில் லாபம் என்பதுதான் கோளாறு. ஜிம்பாப்வேயின் கரீபா காடு காப்புத் திட்டம் அளவுக்கு மீறிக் கிரெடிட் பெற்றதாக விமர்சனம் எழுந்தது. 2023 அக்டோபரில், அதன் கிரெடிட்டுகளை விற்றுவந்த சவுத் போல் நிறுவனம் அதிலிருந்து விலகியது. இதனால் ஒழுங்காக அளந்தவர்களின் கிரெடிட்டையும் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். எனக்கு மனம் ஆறாத விஷயம் இது.

ரவி: என்னிடம் 2 ஏக்கர் இருக்கிறது. மரம் நட்டால் கார்பன் காசு வருமா?

தனியாகச் செய்தால் வராது. ஏக்கருக்கு வருஷம் 4 டன், டன் 10 டாலர் என்றே வைத்துக்கொள்வோம்; மொத்தம் 80 டாலர். தணிக்கைச் செலவோ பல்லாயிரம் டாலர். நூற்றுக்கணக்கான விவசாயிகள் சேர்ந்தால்தான் கட்டுப்படியாகும். யாராவது ஒப்பந்தத்தோடு வந்தால், தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். விற்ற விலையை உங்களுக்குக் காட்டுவார்களா, எத்தனை வருஷம் மரத்தில் கை வைக்கக் கூடாது, புயலில் சாய்ந்தால் நஷ்டம் யார் தலையில் விழும்? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் கிடைக்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.