விரலை மடக்கி எண்ணுகிறாளா? எண்ணட்டும்

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. நூறு வரை கடகடவென்று சொல்கிறாள். ஆனால் 5+3 என்றால் விரல்களை ஒன்றிலிருந்து எண்ணுகிறாள். கணக்கைக் கதையாகக் கொடுத்தால் “கூட்டணுமா, கழிக்கணுமா?” என்று என்னையே கேட்கிறாள். கூட்டல் வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்ய வைக்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். விரலுக்கும் தடை போடாதீர்கள், தடுத்தால் மேஜைக்கு அடியில் எண்ணுவாள், அவ்வளவுதான்.

நூறு வரை சொல்வது பாட்டு ஒப்பிப்பது மாதிரி. கூட்டலுக்கு வேறொன்று வேண்டும். ஐந்து பொத்தான்களை அவளையே எண்ணி ஒரு டப்பாவில் போட்டு மூடச் சொல்லுங்கள், வெளியே மூன்றை வைத்து எல்லாம் சேர்த்து எத்தனை என்று கேளுங்கள். மூடியைத் திறந்து பார்க்கத் துடித்தால், உள்ளே இருப்பது எண்ணாமலேயே ஐந்துதான் என்ற நம்பிக்கை அவளுக்கு இன்னும் வரவில்லை என்று அர்த்தம். மூடியைத் தட்டி “ஐந்து” சொல்லிவிட்டு, வெளியே இருப்பதைத் தொட்டு ஆறு, ஏழு, எட்டு என்று போகப் பழக்குங்கள். பல குழந்தைகள் வெளியே உள்ள முதல் பொத்தானையே ஐந்து என்று தொடங்கி ஏழு என்பார்கள். திருத்த வேண்டாம், மூடியைத் திறந்து அவளே எண்ணிப் பார்க்கட்டும்.

அடுத்தது புளியங்கொட்டை. தாயம், பல்லாங்குழி ஆடிய வீடுகளில் இதைச் சொல்லவே வேண்டியதில்லை. ஐந்து கொட்டைகளை ஒரு பக்கம் மட்டும் வெள்ளை தெரியத் தரையில் தேய்த்து உருட்டுங்கள், வெள்ளை இரண்டு விழுந்தால் கறுப்பு மூன்று, வெள்ளை நான்கு என்றால் கறுப்பு ஒன்று. எப்படி விழுந்தாலும் ஐந்து ஐந்துதான், இது கையில் பட்டுவிட்டால் கழித்தலும் பாதி வந்த மாதிரி. ஐந்து பழகியதும் ஆறு, ஏழு என்று கூட்டிக்கொண்டே பத்து வரை போகலாம். (வீட்டில் கைக்குழந்தை இருந்தால் கொட்டைகளை எண்ணி எடுத்து வையுங்கள், மூக்கில் போட்டுக்கொள்ளும்.)

பத்தைத் தாண்டும்போது தமிழிலேயே எண்ண வையுங்கள், ஆங்கில வழிப் பள்ளியாக இருந்தாலும் சரி. லெவன், ட்வெல்வ் என்ற சொற்களில் பத்து தெரியாது. பதினொன்றில் பத்தும் ஒன்றும் காதில் விழுகிறது. 8+5 என்றால் ஐந்திலிருந்து இரண்டை எடுத்து எட்டைப் பத்தாக்கிவிட்டால் மீதி மூன்று, பத்தும் மூன்றும் பதின்மூன்று. விடை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இனி அந்தக் “கூட்டணுமா, கழிக்கணுமா”. இதற்குக் காரணம் பெரும்பாலும் நாம்தான். “மொத்தம்” வந்தால் கூட்டு, “மீதி” வந்தால் கழி என்று குறுக்குவழி சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். இதைக் கேட்டுப் பாருங்கள்: “தம்பி 3 முறுக்கு தின்றுவிட்டான், மீதி 4 இருக்கு, முதலில் எத்தனை இருந்தது?” மீதி என்ற சொல் இருக்கிறது, ஆனால் விடைக்குக் கூட்ட வேண்டும். அவள் கேட்டால் கூட்டல் என்றோ கழித்தல் என்றோ பதில் சொல்லாதீர்கள், “என்ன நடந்துச்சு, நடிச்சுக் காட்டு” என்று சொல்லிவிட்டு முறுக்கையோ பொத்தானையோ கையில் கொடுங்கள். படம் வரைந்தாலும் சரி.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். விடை வந்ததும் “எப்படிக் கண்டுபிடிச்சே?” என்று கேளுங்கள், முக்கியமாக விடை சரியாக இருக்கும்போது. தப்பானபோது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால், நீங்கள் வாயைத் திறந்ததுமே அவள் ரப்பரை எடுத்துவிடுவாள்.