கல்லூரி இருந்தால் ஊரில் தொழில் வளருமா?

நெல்லையில் இத்தனை கல்லூரிகள் இருந்தும் படித்த பிள்ளைகள் ஏன் சென்னைக்கு பஸ் ஏறுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பாளையங்கோட்டையில் தூய சவேரியார் கல்லூரி 1923இல் தொடங்கியது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990இல் வந்தது. படிப்புக்குக் குறைவில்லை. அதை ஊர்த்தொழிலோடு முடிச்சுப் போடுவதில்தான் சிக்கல்.

பத்தமடைப் பாயையே எடுத்துக்கொள்ளுங்கள். கோரையை ஆற்றுத் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழித்து, பட்டுப்பாய் என்கிற மெல்லிய கோரைப்பாய் ஒன்றை நெய்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். கூலி கட்டுப்படியாகாது. தறியைச் சீராக்குவது பொறியியல் மாணவருக்கு அருமையான புராஜெக்ட். விலை வைப்பதும் ஆன்லைனில் விற்பதும் வணிகவியல்காரர் வேலை.

அப்புறம், தென்காசிப் பக்கம் 2011இல் வந்த ஸோஹோ என்ற மென்பொருள் நிறுவனம், பள்ளிப் படிப்பு முடித்தவர்களுக்கும் பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுக்கிறது. நம் கல்லூரிகளுக்கு இது கொஞ்சம் உறைக்க வேண்டும்.